திணை வழு

நாய் செத்துப் போனதற்காக அழும் மனிதன் நம் எழுத்தில் பெரும்பாலும் இரண்டு வேஷங்களில்தான் வருகிறான். வாரப் பத்திரிகைக் கதையில் வந்தால், வாசகரையும் அழவைத்துவிட்டுப் போவதற்காக வருகிறான். நம்மவர்கள் கதையில் வந்தால் கேலிப்பொருளாக வருகிறான்: பணம் உள்ளவன், பிள்ளை இல்லாதவன், பக்கத்துக் குடிசையைத் திரும்பிப் பார்க்காதவன். இந்த இரண்டு வேஷங்களுக்கும் வெளியே, பன்னிரண்டு பதினான்கு வருஷம் கூடவே இருந்த ஒரு ஜீவன் நோய்ப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைப் பார்த்துக்கொண்டு சாதாரண மனிதர்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய எழுத்து நம்மிடம் மிகக் குறைவு. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சோம்பல் என்றும் நினைக்கவில்லை. மொழியின் உள்ளேயே, அதன் இலக்கணத்திலேயே, இதற்கு ஒரு தடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைக் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் உத்தேசம்.

முதலில், வரப்போகிற ஆட்சேபத்தை நானே சொல்லிவிடுகிறேன். இது வயிறு நிறைந்தவர்களின் சோகம். மனிதனுக்கே வைத்தியம் எட்டாத தேசத்தில் நாய்க்கு இரங்கற்பா எதற்கு? கேட்பவர்கள் நண்பர்கள். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் அனுமானம், அதாவது இந்தத் துக்கமே வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்பது, சரித்திரத்துக்கு ஒத்துவரவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த ஒரு நடுகல், தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பால் பலருக்கும் அறிமுகமானது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளை மீட்கப் போன கருந்தேவக்கத்தி என்பவன் பட்டுப்போகிறான். அவனுக்குக் கல். கல்லில் அவன் உருவம் இருக்கிறது. கூடவே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. எழுத்தில் அந்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்ற செய்தி ஒரே வாக்கியத்தில் சொல்லப்படுகிறது. இந்தக் கல்லை நட்டவர்கள் மாடு மேய்த்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு ஓய்வுநேரமும் இல்லை, உபரிப் பணமும் இல்லை. ஒரு நாயின் பெயரைக் கருங்கல்லில் கொத்த ஆகும் கூலி அவர்களுக்குத் தெரியும். கொத்தினார்கள்.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கல் சண்டைச் சேவலுக்கு நட்டது. இந்தளூரில் இன்னொன்று. ஆகவே, மிருகத்தின் சாவுக்கு மனம் கலங்குவது இங்கே புதிதல்ல. வர்க்க சொகுசும் அல்ல.

ஆனால் இந்தக் கற்களை வைத்துக்கொண்டு ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். கோவிவனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது அது கடித்ததால். சேவலுக்குக் கிடைத்தது சண்டை போட்டதால். புறப்பொருள் மனசு போர்க்களத்துச் சாவை மட்டுமே சாவாக எண்ணும். கிழடுதட்டி, பின்னங்கால் இழுத்துக்கொண்டு, படுத்த இடத்திலேயே மூத்திரம் போய், கண்ணில் வெள்ளை படர்ந்து சாகிற நாய்க்கு அந்த உலகத்தில் கல் கிடையாது. மனிதனுக்கே கிடையாதே. நோயால் வரும் சாவு நம் பழைய இலக்கியத்துக்கு ஒரு பொருளாக ஆகவில்லை. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சாவைத்தான். அதற்கு வடிவம் நம் கையில் இல்லை.

கிரேக்கர்களிடம் ஒரு இடத்தில் இருக்கிறது. ஒடிசியின் பதினேழாம் காண்டத்தில் ஆர்கோஸ். டிராய் யுத்தத்துக்குப் போகுமுன் ஒடிசியஸ் வளர்த்த நாய். இருபது வருஷம் கழித்து அவன் பிச்சைக்காரன் வேஷத்தில் தன் வாசலுக்கே வருகிறான். நாய் சாணக் குவியலின் மேல் உண்ணி மொய்க்கக் கிடக்கிறது. அவன் யார் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, எழுந்து கிட்டே வர அதற்குப் பலம் இல்லை. அவனும் கிட்டே போக முடியாது. போனால் வேஷம் கலைந்துவிடும். கூட வருகிற பன்றி மேய்ப்பனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாயைப் பற்றி ஏதோ யாரோ கேட்பதுபோல் விசாரித்துவிட்டு, உள்ளே போகிறான். நாய் செத்துவிடுகிறது. அவ்வளவுதான். தலையில் ஒரு தடவல்கூட இல்லை.

இதில் என்னைக் கவர்வது அந்த உண்ணி. ஹோமர் நாயைச் சுத்தம் செய்து எடுத்துவைக்கவில்லை. விசுவாசத்துக்கு உதாரணமாக அதை நிறுத்தியிருக்கலாம். உரையாசிரியர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் பிற்பாடு அப்படித்தான் நிறுத்தினார்கள். ஹோமர் அதைச் சாணத்தின் மேலேயே விட்டுவிடுகிறார். நாய் நாயாகவே சாகிறது.

இதற்குப் பின்னால் வந்தவர்கள் பலருக்கும் இந்தத் துணிச்சல் இல்லை. ரோமானியக் கவி கட்டுல்லஸ் காதலியின் குருவி செத்ததற்குப் பாடினான். பாட்டு போய் நிற்குமிடம் அழுது சிவந்த காதலியின் கண்கள். குருவி ஒரு சாக்கு. 1747இல் ஹொரேஸ் வால்போலின் பூனை பொன்மீன் தொட்டியில் விழுந்து செத்தது. தாமஸ் கிரே அதற்கு ஒரு பாட்டு எழுதினார். வெகு நேர்த்தியான பாட்டு. கடைசியில் பெண்களுக்குப் புத்தி சொல்லி முடிகிறது. 1808இல் பைரனின் நியூஃபவுண்ட்லாந்து நாய் போட்ஸ்வெய்ன் வெறிநோயால் செத்தது. நியூஸ்டெட் மாளிகையில் பெரிய சமாதி. சமாதியில் கவிதை. கவிதையில் பெரும்பங்கு மனித ஜாதியின் மேல் வசை. மனிதனைத் திட்ட பைரனுக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. நாயின் சமாதி வாகாக இருந்தது. கண்ணில் மருண்ட பார்வை, தொண்டையில் இறங்காத தண்ணீர் என்று அந்த நோயின் நாட்கள் எப்படி இருந்திருக்கும்? கவிதையில் அதற்கு ஒரு சுவடு இல்லை.

மகாபாரதத்துக்கு வாருங்கள். மகாப்பிரஸ்தானிக பர்வம். திரௌபதியும் தம்பிமாரும் வழியில் ஒவ்வொருவராக விழ, கடைசிவரை யுதிஷ்டிரன் பின்னால் வருவது ஒரு நாய். சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான் இந்திரன். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்கிறான் யுதிஷ்டிரன். இந்த இடத்தில் காவியம் நின்றிருந்தால்! அதற்குத் தைரியம் போதவில்லை. நாய் தர்ம தேவதையாக மாறிவிடுகிறது. பரீட்சை முடிந்தது, யுதிஷ்டிரன் தேறிவிட்டான். ஆனால் அவன் யாருக்காகச் சொர்க்கத்தை உதறினானோ அந்த நாய் எங்கே? அப்படி ஒரு நாயே இருக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. நம் தேசத்தின் மிகப் பெரிய நாய்க் கதையில் கடைசியில் நாய் இல்லை. இதை யாரும் ஒரு நஷ்டமாகக் கருதியதாகத் தெரியவில்லை.

தமிழிலும் மிருகம் பெரும்பாலும் திரைதான். புறநானூற்றின் 273ஆம் பாட்டில், எருமை வெளியனார், எல்லோருடைய குதிரைகளும் திரும்பிவிட எங்கள் குதிரை மட்டும் வரக்காணோமே என்று ஒரு பெண்ணைப் பேசவைக்கிறார். துறை குதிரை மறம். ஆனால் துக்கம் குதிரை மேல் போனவனுக்கு. கணவன் சாவை வாய்விட்டுச் சொல்ல முடியாதவளுக்குக் குதிரை ஒரு மறைவு. மிக உயர்ந்த கவிதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொல்வது திரையின் தன்மையைப் பற்றி. செல்லப்பாவின் வாடிவாசலில் காரிக் காளையை அதை வளர்த்த ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் கேட்பது காளையின் வலி அல்ல, கௌரவத்தின் வலி. செல்லப்பா காளையின் உடம்பை, கொம்பை, அதன் பாய்ச்சலைக் கண்ணால் கண்டு எழுதியவர். ஆனாலும் அதன் சாவு மனிதர்களுக்கு நடுவேயான ஒரு கணக்கைத் தீர்க்கத்தான் வருகிறது. பெருமாள்முருகனின் பூனாச்சி 2016இல் வந்தது. அந்த வெள்ளாட்டின் முதுகில் ஓர் அரசாங்கத்தையே ஏற்றிவிட்டார் ஆசிரியர். அது அவர் வேண்டுமென்றே செய்தது. அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆட்டுக்குத்தான் சுமை அதிகம்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. திரை இல்லாமல் எழுத ஏன் இத்தனை கஷ்டம் என்பது என் கேள்வி. இங்கேதான் இலக்கணம் வருகிறது.

தமிழ் பேசுகிறவன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், இல்லையேல் வந்தது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொல்காப்பியம் கோடு கிழித்துவிட்டது. கோட்டை மீறினால் திணை வழு. ஆனால் மனசு மீறும் என்பது இலக்கணக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்கள். நன்னூலில் பவணந்தி கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சந்தோஷம், உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்ற ஐந்து காரணத்தால் திணை மாறினால் ஒப்புக்கொள்ளலாம். உரைகாரர்கள் சந்தோஷத்துக்குக் காட்டும் உதாரணம், வீட்டுக்குத் திரும்பி வரும் பசுவைப் பார்த்து என் தாயே வந்துவிட்டாள் என்று ஒருவன் சொல்வது. அழகான உதாரணம். சாயங்கால வெளிச்சம்கூடக் கண்ணில் தெரிகிறது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். சந்தோஷம் இருக்கிறது. கோபம் இருக்கிறது. அருவருப்பால் மனிதனை அஃறிணையில் தள்ளவும் இடம் இருக்கிறது. துக்கம் இல்லை. பசு வரும்போது தாய் என்று சொல்லலாம். அந்தப் பசு செத்துக் கிடக்கும்போது என்ன சொல்வது? பவணந்திக்கு மறதி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வழக்கைப் பார்த்து எழுதினவர். சந்தோஷத்தில் மிருகத்துக்கு உயர்திணையைக் கொடுப்பதும், சாவு கிட்டே வரும்போது சத்தமில்லாமல் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் நம் வழக்கம்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சென்ற வருஷம் எங்கள் வீட்டுக் கறுப்பனுக்குப் பதினான்கு வயது, நாட்டு நாய், சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. கிழ நாய்களுக்கு அடிக்கடி வருகிற முடிவு இது. ரத்தத்தில் கழிவு ஏறிக்கொண்டே போகும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும், வாயில் புண், மூச்சில் ஒரு நாற்றம். தோலுக்கடியில் சலைன் ஏற்றினால் இரண்டு நாள் தெளிவாக இருக்கும், மறுபடி சரியும். இதற்காக ஒரு மாதத்துக்கு மேல் கால்நடை மருத்துவர் ஒருவரின் கூடத்தில் தினமும் உட்கார வேண்டியிருந்தது. அங்கே என் காது வேலை செய்துகொண்டே இருந்தது. ஒரு வயதான அம்மாள், மடியில் பொமரேனியன், உள்ளே நுழையும்போது சொன்னது: "ரெண்டு நாளா அவன் தண்ணிகூடக் குடிக்கலை டாக்டர்." மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லைம்மா. ஊசி போட்டுடலாம்." அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அதுக்கு வலிக்காதே?"

அவன், அது. நடுவில் இருந்தது ஒரு வாக்கியம். அந்த அம்மாள் அந்த நாயை நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவனாக இருக்கும்வரை அவனுக்கு ஊசி போடச் சொல்ல அவரால் ஆகாது. அதுவாக ஆன பிறகுதான் சம்மதம் வாயில் வரும். மொழி அங்கே அவருக்கு மயக்க மருந்தாக வேலை செய்கிறது. அந்த ஒரு மாதத்தில் இந்த மாற்றத்தை நான் பல வாய்களிலிருந்து கேட்டேன்.

'ஊசி போட்டுடலாம்' என்பதையும் கவனிக்க வேண்டும். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்து போடும்போதும் இதே வார்த்தைதான். இங்கிலீஷ்காரன் தூங்கவைப்பது என்கிறான். ஏட்டுத் தமிழில் கருணைக்கொலை என்று ஒரு சொல் இருக்கிறது. கருணையையும் கொலையையும் ஒன்றை ஒன்று மறைக்கவிடாமல் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துகிற நேர்மையான சொல். அந்தக் கூடத்தில் அதை ஒருவர்கூட உச்சரித்து நான் கேட்கவில்லை.

கறுப்பனுக்கும் ஊசி போட்டார்கள். அளவுக்கு மீறிய மயக்க மருந்து. முதலில் பிரக்ஞை போகிறது, அப்புறம் சுவாசம், அப்புறம் இதயம். சில நிமிஷ வேலை. மருத்துவர் உதவியாளரிடம் உரத்து ஏதோ சொன்னபோது என் மனைவி, நாயின் தலை கையில் இருக்க, "அவனுக்குக் காது இன்னும் நல்லாக் கேட்கும் டாக்டர், மெதுவாப் பேசுங்க" என்றாள். அந்த அறையில் அவன் அவனாகவே செத்தான். எங்கள் வீட்டு விஷயத்தை இங்கே கொண்டுவந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காக. இதை இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொருளைப் பற்றி எழுத வருகிற எவனும் ஊசி ஏறும்போதும் இந்தத் திணையைக் கைவிடாமல் இருக்கிறானா என்பதுதான் என் அளவுகோல். செய்கிற காரியத்தின் முழுக் கனமும் அந்த விகுதியில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கனம் போய்விடும். கூடவே உண்மையும் போய்விடும்.

பழைய கவிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர்களுடைய குருவியும் பூனையும் தாமே செத்தன. இன்றைக்கு முடிவை நாம் சொல்கிறோம்; நாளும் நேரமும் குறிக்கிறோம்; பணம் கட்டி ரசீது வாங்குகிறோம். விடைகொடுப்பது என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. போகிறவனுக்கு விடை கொடுப்பது ஒன்று. போ என்று நாமே அனுப்பிவைப்பது இன்னொன்று.

இந்த இரண்டாவதை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒரு இந்தியர் இருந்தார். அவர் இலக்கியக்காரர் அல்ல. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று ஆகிவிட்டது. காந்தி ஒரு டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். அக்டோபரில் யங் இந்தியாவில் அதைத் தாமே எழுதினார். தேசம் கொந்தளித்தது, வசைக் கடிதங்கள் குவிந்தன. அஹிம்சைக்காரர் பசுக்கன்றைக் கொன்றார் என்றால் சும்மாவா? அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் இடம். மனிதனுக்கும் இதே விதிதானா என்று ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டு, ஆம், இதே விதிதான் என்கிறார். வேறு எந்த உதவியும் செய்ய வழியில்லாத நிலை என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறார். சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காந்தி கன்றைக் கொல்வதற்காக அதைக் கீழே இறக்கவில்லை. மனிதன் இருக்கிற அதே படியில் வைத்துக்கொண்டு கொன்றார். அதனால் வந்த முழு வசையையும் வாங்கிக்கொண்டார். திணையைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அந்தக் கன்றின் நிறம் என்ன, எப்படிக் கத்தியது என்பது அவருடைய வாதத்துக்கு வேண்டியிருக்கவில்லை. தர்க்கத்தில் கன்று ஓர் உதாரணம். இங்கேயும் ஒரு திரை. பைரனுடையதைவிட எவ்வளவோ நேர்மையான திரை.

திரையே இல்லாத ஒன்று தமிழில் இருக்கிறது. நம்மில் பலர் பக்திச் சரக்கு என்று ஒதுக்கிவைத்த இடத்தில் இருக்கிறது. ரமணாசிரமத்துப் பசு லட்சுமி. 1926இல் கன்றாக வந்தது. 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை செத்தது. கடைசி நேரத்தில் ரமணர் தொழுவத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கையில் ஏந்திக்கொண்டார் என்றும், 1922இல் தம் தாயாரின் மரணப்படுக்கையில் செய்தது போலவே தலையிலும் நெஞ்சிலும் கை வைத்தார் என்றும் கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி வைத்தார்கள். மான், காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகளும் அருகில் இருக்கின்றன. லட்சுமிக்கு ரமணர் ஒரு வெண்பா எழுதினார்.

அந்த வெண்பாவை விமர்சகனாகப் பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி பஞ்சாங்கம். சர்வதாரி வருஷம், ஆனி மாசம், வளர்பிறைத் துவாதசி, வெள்ளி, விசாகம், பசு லட்சுமி முக்தி அடைந்த நாள். கண்ணீர் இல்லை. உவமை இல்லை. குணவர்ணனை இல்லை. பால் கொடுத்தாள், அன்பு காட்டினாள் என்ற நன்றிப் பட்டியல் இல்லை. மனிதர்களின் சாவுக்குத் திதி வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் எழுதிவைத்த வெண்பாக்கள் எந்த அச்சோ அதே அச்சு. ஒரு பசுவுக்கு அந்த அச்சை மாற்றாமல் எடுத்துக் கொடுத்ததுதான் அதன் கவித்துவம். இந்த முக்தி என்பது உபசார வார்த்தையா, நிஜமாகவே சொன்னதா என்று பக்தர் ஒருவர் கேட்டாராம். நிஜம்தான் என்றாராம் ரமணர். முக்தியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உபசாரம் இல்லை என்ற பதிலை ஒரு கவிதைக் கொள்கையாகவே நான் எடுத்துக்கொள்ளத் தயார்.

இதன் ஆதாரம் அவர் பேச்சில் இருக்கிறது. ஆர்தர் ஆஸ்போர்ன் 1954இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு குறிப்பு. தமிழ் வழக்கப்படி மிருகங்களை அது என்று ரமணர் சொல்வதே இல்லை, அவன், அவள்தான். பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பார். ஆசிரமத்து நாய்களைத்தான் கேட்கிறார் என்பது புதிதாக வந்தவனுக்குப் புரியாது. தினசரிப் பேச்சில் இருபது முப்பது வருஷம் இந்தத் திணை வழுவைச் செய்துகொண்டே வந்தவருக்குத்தான் அந்த வெண்பா சாத்தியம். சாவு நாளன்று திடீரென்று எழுதி வந்துவிடாது. பவணந்தியின் பட்டியலில் விட்டுப்போன ஆறாவது காரணத்தை இவர் பூர்த்திசெய்தார் என்று சொல்லலாம்.

ஆனால் லட்சுமிக்கு யாரும் ஊசி போடவில்லை. காந்தியின் கையும் ரமணரின் நாக்கும் ஓர் எழுத்தில் சேர்ந்து நான் தமிழில் இன்னும் பார்க்கவில்லை. வெளியே ஒன்று பார்த்திருக்கிறேன். கூட்ஸியின் டிஸ்கிரேஸ், 1999. அவமானப்பட்டு வேலையிழந்த பேராசிரியர் லூரி, தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்து மிருக வைத்தியசாலையில் வேண்டாத நாய்களைக் கொல்லும் வேலைக்கு ஒத்தாசை செய்கிறான். செத்த நாய்களை எரிகூடத்துக்கு எடுத்துப்போகிறான். விறைத்துப்போன கால்கள் வண்டியில் முட்டுகின்றன என்று அங்குள்ள ஆட்கள் மண்வாரியால் அடித்து மடக்குகிறார்கள். அது பொறுக்காமல், தானே ஒவ்வொன்றாக நெருப்பில் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொள்கிறான். கடைசியில், அவனுடைய வாத்திய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவந்த ஒரு நொண்டி நாயை, இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்ற நிலையில், தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறான். அதற்கு அவன் பெயர்கூட வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தான். நாவல் அங்கே நிற்கிறது. சொர்க்கம் திறக்கவில்லை, நாய் தேவதையாகவில்லை. யுதிஷ்டிரனுக்கு நேர் எதிர்: இவன் நாயை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவன்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. லூரியின் நாய் அவனுடையது அல்ல. பதினான்கு வருஷப் பழக்கம் இல்லை. பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தலையசைக்க வேண்டிய நெருக்கடி அதில் இல்லை. பெயர் வைக்காததால் கூட்ஸி தப்பித்துக்கொண்டார் என்றுகூட ஒருவன் சொல்லலாம். கோவிவன் என்று கல்லில் வெட்டினவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இன்று ஆறுதலுக்குப் பஞ்சம் இல்லை. வானவில் பாலம் ஒன்று இருக்கிறதாம். செத்த பிராணிகள் நோய் நீங்கி அதன் அடியில் விளையாடிக்கொண்டு, எஜமானர் வரும்வரை காத்திருக்குமாம். இங்கிலீஷில் ரொம்ப நாளாக வழங்கிவந்த இந்தச் சரக்கு இப்போது வாட்ஸாப்பில் தமிழாகியும் வருகிறது. துக்கத்தில் இருக்கிறவன் எதைப் பற்றிக்கொண்டாலும் நான் தட்டிப் பறிக்க மாட்டேன். ஆனால் எழுத்தாளன் அதைப் பற்றிக்கொண்டால் விடமாட்டேன். ஏனென்றால் அந்தப் பாலத்தில் நோய் இல்லை, ஊசி இல்லை, ஊசிக்குச் சம்மதம் சொன்ன வாய் இல்லை. சொன்னவனை விடுதலை செய்வதற்காகவே கட்டப்பட்ட பாலம் அது.

தமிழில் இது எழுதப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். கவிதையாக இருந்தாலும் சரி, உரைநடையாக இருந்தாலும் சரி. நாயின் பெயர் இருக்கட்டும். தேதி இருக்கட்டும். கடைசியாகத் தின்றது என்ன, எத்தனை கிலோ இருந்தது, செத்த பிறகும் நாய்களுக்குக் கண் மூடாது என்பதும் இருக்கட்டும். யார் சம்மதம் சொன்னது, அப்போது என்ன வார்த்தை வாயில் வந்தது என்பதும் இருக்கட்டும். மனித ஜாதியைத் திட்ட வேண்டாம். வாழ்க்கையின் அநித்தியத்தைப் பேச வேண்டாம். இன்னொரு நாய்க்குட்டி வாங்குவதோடு முடிக்க வேண்டாம். வாக்கியம் வாக்கியமாக, கடைசி வாக்கியம்வரை, வினைமுற்றில் 'ஆன்' நிற்க வேண்டும். எழுதிப் பார்த்தால் தெரியும்: சம்மதம் சொல்கிற இடத்தில் பேனா தானாகவே 'அது' என்று எழுதப் பார்க்கும். அங்கே அதைத் தடுத்து எழுதுகிறவனுடைய பக்கத்தைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.